அடிக்கு முன்னால் வரும் பேச்சு

வயதான ஒரு பெண்மணி கோயிலிலிருந்தோ காய்கறிக் கடையிலிருந்தோ தனியாக வந்துகொண்டிருப்பார். முடியை ஒட்ட வெட்டி, சட்டையை உள்ளே விட்டிருக்கும் ஒருவன் எதிரே வந்து நிற்பான். "அம்மா, நாங்க போலீஸ். பக்கத்துத் தெருவுல இப்பத்தான் ஒரு கொலை நடந்திருக்கு. இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டு நடக்கறீங்களே, கழட்டிப் பைக்குள்ள வைங்க" என்பான். அந்த வழியாக வரும் இன்னொருவனையும் அதட்டி நிறுத்துவான். அந்த ஆள் பணிவாகத் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்க, 'போலீஸ்காரர்' அதைக் காகிதத்தில் மடித்து அவனிடமே திருப்பித் தருவார். அவனும் கூட்டாளிதான் என்பது பெண்மணிக்கு எப்படித் தெரியும்? அவரும் வளையலைக் கழற்றுகிறார். வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே கல். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களை வாசிப்பவர்களுக்கு இது பழகிப்போன செய்தி. வங்கி வாசலில் "சார், உங்க பணம் கீழே விழுந்து கிடக்கு" என்று நாலு பத்து ரூபாய் நோட்டைக் காட்டிவிட்டு வண்டியில் மாட்டியிருக்கும் பையைத் தூக்குவதும், 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டி மூன்று நாள் ஒருவரை வீடியோ அழைப்பின் முன்னாலேயே உட்காரவைத்துச் சேமிப்பைக் கறப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவற்றில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. திருடன் நம்புவது தன் கை பலத்தை அல்ல, எதிரில் இருப்பவரின் நல்ல வளர்ப்பை. பெரிய மனிதர் பேசினால் நின்று கேட்க வேண்டும், உதவி கேட்பவரை உதறக் கூடாது, சந்தேகத்தை முகத்துக்கு நேரே காட்டினால் அவர் மனம் புண்படும், நாலு பேர் பார்க்கும் இடத்தில் சத்தம் போடுவது அசிங்கம் என்றெல்லாம் சிறு வயதிலிருந்து நாம் கற்றிருக்கிறோம். தொண்ணூற்றொன்பது பேரிடம் இது சரியான பாடம். நூறாவது ஆளிடம் அது அவனுக்குச் சாதகம். என் வாதம் இதுதான்: சாதாரண மனிதருக்கான தற்காப்பில் பெரும்பகுதி, இந்த மரியாதையை எந்தக் கட்டத்தில் விலக்கிவைக்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருப்பது. உடல் பலமும் அடிமுறையும் அதற்கு அடுத்தபடிதான். நகையைப் பறிப்பவனிடம் மட்டுமல்ல, உடலுக்குத் தீங்கு செய்ய நினைப்பவனிடமும் இது பொருந்துகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

கனடாவில் வின்ட்சர் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லீன் சென் தலைமையில் நடந்த ஆய்வு 2015-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. மூன்று பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 893 முதலாண்டு மாணவிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள். இன்னொரு பிரிவினருக்கு மூன்று மணி நேரம் வீதம் நான்கு அமர்வுகளில் பயிற்சி. அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் உதைக்கவும் பிடியிலிருந்து விடுபடவும் கற்றுக்கொடுத்தது ஒரு பகுதி மட்டுமே. மற்ற நேரத்தில் பெரும்பகுதி ஆபத்தின் அறிகுறிகளைக் கண்டுகொள்வது, தெரிந்தவனிடமிருந்து ஆபத்து வருகிறது என்பதை மனம் ஏற்க மறுக்கும்போது அந்தத் தயக்கத்தைத் தாண்டுவது, வாயைத் திறந்து மறுப்பது ஆகியவற்றுக்கே போயிற்று. ஓராண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, பிரசுரம் பெற்ற பிரிவில் 9.8 விழுக்காட்டினர் பாலியல் வன்புணர்வுக்கு ஆளாகியிருந்தனர். பயிற்சி பெற்ற பிரிவில் அது 5.2 விழுக்காடு. கிட்டத்தட்டப் பாதி.

இதைவிட முக்கியமான எண் ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது. நடந்து முடிந்த குற்றத்தை விட்டுவிட்டு, நடக்காமல் தடுக்கப்பட்ட முயற்சிகளை மட்டும் பாருங்கள்: பிரசுரப் பிரிவில் 9.3 விழுக்காடு, பயிற்சிப் பிரிவில் 3.4. பயிற்சி தந்தது சண்டைத் திறமை மட்டும்தான் என்றால் என்ன நடந்திருக்க வேண்டும்? நடந்து முடிந்தவை குறைந்து, முயன்று தோற்றவை கூடியிருக்க வேண்டும். தாக்க வந்தவனை உதைத்துத் தப்பிய ஒவ்வொருத்தியும் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது கணக்குக்கு மாறியிருப்பாள். ஆனால் இரண்டும் சேர்ந்தே குறைந்தன. முயற்சி என்று பெயர் சொல்லத்தக்க கட்டத்தை எட்டும் முன்பே பல சந்தர்ப்பங்கள் கலைக்கப்பட்டன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. 'இல்லை, நான் கிளம்புகிறேன்' என்று எழுந்து போனதும், 'கதவைத் திற' என்று குரலை உயர்த்தியதும், அந்தக் காரில் ஏறாமல் விட்டதும் எந்தக் கணக்கிலும் வராமல் போயிருக்கின்றன.

தயக்கத்தைத் தாண்டுவதற்கு அவ்வளவு நேரம் செலவிட்டதற்குக் காரணம் உண்டு. இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், பாலியல் வன்புணர்வு வழக்குகளில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே அறிமுகமானவர். உறவினர், அக்கம்பக்கத்தார், நண்பர், மேலதிகாரி, இப்போது இணையத்தில் பழகியவர். இருட்டுச் சந்தில் பாயும் முகம் தெரியாதவனை மனதில் வைத்தே நாம் தற்காப்பைப் பற்றிப் பேசுகிறோம். அவனைக் குத்துவதற்கு எந்த மனத்தடையும் இல்லை. சித்தப்பா முறையுள்ளவரின் கையைத் தட்டிவிடுவதற்கும், சம்பள உயர்வைக் கையில் வைத்திருப்பவரிடம் "தள்ளி நின்னு பேசுங்க" என்பதற்கும்தான் துணிவு வேண்டும். கராத்தே வகுப்பில் இந்த இரண்டுக்கும் பாடம் இல்லை. கராத்தேயையும் சிலம்பத்தையும் குறைத்துச் சொல்லவில்லை. உடலுக்குச் சமநிலையையும் மனதுக்கு உறுதியையும் அவை தருகின்றன, மூச்சு வாங்காமல் ஓடும் தெம்பையும் தருகின்றன. ஆனால் வகுப்பில் எதிராளி வணக்கம் சொல்லிவிட்டு வருகிறான். சண்டை என்று இருவருக்கும் தெரியும். வெளியே நடப்பது சண்டை என்று நமக்குப் புரிவதற்குள் பாதி முடிந்துவிடுகிறது.

அந்த முதல் பாதியில் நடப்பதைக் கவனித்தால் ஒரே வகை அசைவுகள் திரும்பத் திரும்பத் தெரியும். முதலில் இடைவெளியைக் குறைப்பான். மணி கேட்பான், முகவரிச் சீட்டை நீட்டுவான், பேருந்தில் இடமிருந்தும் உரசி நிற்பான். அடுத்து, சின்ன 'வேண்டாம்' ஒன்றை மீறிப் பார்ப்பான். "பரவாயில்லை, நான் தூக்கிட்டு வர்றேன்" என்று மறுத்த பிறகும் பையில் கை வைப்பது, "ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிடும்" என்று மூன்றாம் முறை நீட்டுவது. மறுப்பைக் கேட்டு நின்றுவிடுகிறவர் பெரும்பாலும் சாதாரண மனிதர். மறுப்புக்குப் பிறகும் தொடர்கிறவர், அவர் யாராக இருந்தாலும், ஒரு தகவலை நமக்குத் தந்துவிட்டார். பிறகு அவசரம் அல்லது அதிகாரம். யோசிக்கவும் இன்னொருவரிடம் கேட்கவும் விடமாட்டான். கடைசியாக, பிறர் பார்வையிலிருந்து விலக்குவான்: "இங்க வேணாம், அந்தப் பக்கம் வாங்க", "யாருக்கும் சொல்லாதீங்க", "கேமராவை அணைக்கக் கூடாது". தெருவில் நகை பறிப்பவனும் வீடியோ அழைப்பில் மிரட்டுபவனும் வீட்டுக்குள் நெருங்குபவனும் இந்த வரிசையைத்தான் வெவ்வேறு வேகத்தில் கடக்கிறார்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே மரியாதைக் கணக்கை மூடிவிடலாம் என்பது என் கருத்து. அதற்கு எதிராளி குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. நம் கணிப்பு தவறாக இருந்தால் ஒரு நல்ல மனிதருக்குச் சற்று வருத்தம், அவ்வளவுதான். உண்மையான காவலர், "ஸ்டேஷனுக்கு போன் பண்ணிக் கேட்டுட்டு வர்றேன் சார்" என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் காரணமே இல்லை.

மறுக்கும் விதத்திலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. முகம் தெரியாதவரையும் அண்ணா, தம்பி, ஐயா என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். ஆபத்தில் அந்தக் குரலே கெஞ்சலாக மாறிவிடுகிறது: "அண்ணா, ப்ளீஸ் அண்ணா, விட்டுடுங்க." அமெரிக்கக் குற்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் திரட்டிய தரவுகளில், கெஞ்சுவதும் அழுவதும் பாலியல் தாக்குதலைத் தடுத்ததற்குச் சான்று மிகக் குறைவு. உரக்கக் கத்துவது, ஓடுவது, உடலால் எதிர்ப்பது ஆகியவை குற்றம் முழுமையடையும் வாய்ப்பைக் குறைத்திருக்கின்றன. 'எதிர்த்தால் இன்னும் மோசமாக அடிப்பான்' என்ற பரவலான அச்சத்தையும் ஜோங்யோன் டார்க், கேரி கிளெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான சம்பவங்களைக் கொண்டு சோதித்தார்கள். காயத்துக்குள்ளானவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்பதற்கு முன்பே காயம்பட்டிருந்தனர். எதிர்த்ததால் கடுமையாகக் காயமடைந்தவர்கள் அரிது. ஆகவே "தொடாத! தள்ளிப் போ!" என்று, காரணம் சொல்லாமல், மன்னிப்புக் கேட்காமல், தெருமுனை வரை கேட்கும்படி சொல்ல வேண்டும். அதை வீட்டில் நாலு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்கவும் வேண்டும். முதல் முறை சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டு பாதிக் குரல்தான் வரும். அந்த முதல் முறை கூடத்தில் நடந்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். மேலே சொன்ன எதிர்ப்பு உடலுக்காக. பொருளுக்காக அல்ல. கத்தியைக் காட்டிப் பணப்பையைக் கேட்பவனிடம் அதைக் கொடுத்துவிடலாம்; முடிந்தால் ஒரு பக்கமாக எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடலாம். இதில் சங்கிலிப் பறிப்புதான் நம் ஊரின் கடினமான கேள்வி. பைக்கின் பின்னால் இருப்பவன் கழுத்துக்குக் கை நீட்டும்போது பெண்களின் கை தானாகத் தாலியைப் பற்றுகிறது. வண்டியோடு சாலையில் இழுத்துச் செல்லப்பட்டுப் படுகாயமடைந்த பெண்களைக் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் பார்த்திருக்கிறோம். 'போனால் போகட்டும், தங்கம்தானே' என்று அறிவுரை சொல்வது எளிது. அந்தப் பெண்ணுக்கு அது தங்கம் மட்டுமில்லை என்பதை மறந்து சொல்லும் அறிவுரை காதில் ஏறாது. அதனால்தான் இதை அந்த நொடிக்கு விடக் கூடாது. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து, சங்கிலியை வெளியே போகும்போது தவிர்க்கலாமா என்பதையும், யாராவது பிடித்து இழுத்தால் கையை விட்டுவிட வேண்டும் என்பதையும் கணவரும் மாமியாரும் இருக்கும்போதே பேசி முடிவு செய்துவிட வேண்டும். 'விட்டுட்டு வந்தியா' என்று வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை என்ற உறுதி இருக்கும் கைதான் உரிய நேரத்தில் விடும். சட்டத்தின் பக்கம், 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா பறிப்பைத் தனிக் குற்றமாகவே 304-ஆம் பிரிவில் வைத்திருக்கிறது.

பொருளைக் கொடுத்த பிறகும் 'வண்டியில் ஏறு', 'உள்ளே வா' என்றால் கணக்கு மாறுகிறது. ஆள் நடமாட்டமுள்ள இடத்திலிருந்து உங்களைப் பெயர்த்தெடுக்க அவன் விரும்புவதற்கு ஒரே காரணம், இங்கே செய்ய முடியாததை அங்கே செய்ய முடியும் என்பது. எங்கே எதிர்ப்பது என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் அது இந்த இடம்தான். கீழே உட்கார்ந்துவிடுவது, கம்பத்தைக் கட்டிக்கொள்வது, கடைக்குள் ஓடிப் பொருட்களைத் தள்ளிவிடுவது எல்லாம் பயன்படும். மிளகுத் தெளிப்பான் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, பையின் அடியில் சாவிக்கும் ரசீதுகளுக்கும் இடையே கிடக்கும் தெளிப்பான் இல்லாததற்குச் சமம்.

இதையெல்லாம் சொல்லும்போது எழும் மறுப்புகளில் முதலாவது மிக நியாயமானது. குற்றம் செய்பவனை விட்டுவிட்டுப் பாதிக்கப்படுபவருக்குப் பாடம் எடுப்பது, பழியை அவர் தலையில் வைப்பதாகாதா? 'நீ ஏன் கத்தவில்லை' என்று காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கேட்டு மனிதர்களை உடைத்த வரலாறு நம்மிடம் இருப்பதால், இந்தக் கேள்வியை அலட்சியமாகக் கடந்துபோக முடியாது. பதிலின் ஒரு பகுதி உடலியல். ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்புணர்வுக்குள்ளானோருக்கான மருத்துவமனைப் பிரிவுக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், 70 விழுக்காட்டினர் தாக்குதலின்போது உடல் விறைத்து அசைய முடியாத நிலைக்குக் குறிப்பிடத்தக்க அளவில் ஆளாகியிருந்தனர். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது மிகக் கடுமையாக இருந்தது. அது சம்மதமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. உயிர் ஆபத்தில் உடல் தானாகச் செய்வது. எதிர்க்கவில்லை என்பதை எவரும் எவருக்கு எதிராகவும் சான்றாக வைக்கக் கூடாது. பதிலின் இன்னொரு பகுதி அந்தக் கனடா ஆய்வின் தொடர்ச்சியில் கிடைக்கிறது. பயிற்சி பெற்ற மாணவிகளிடம் இரண்டு ஆண்டுகள் கழித்தும் பெண்ணைப் பழிக்கும் எண்ணங்கள் குறைந்தே காணப்பட்டன. தாக்குபவன் எப்படித் திட்டமிடுகிறான் என்பதை விளங்கிக்கொண்டவர்களுக்கு, குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதும் விளங்கிவிடுகிறது. பயிற்சி ஒருவரின் உரிமை. அதைப் பயன்படுத்த முடியாமல் போனது அவர் குற்றமாகாது.

இரண்டாவது மறுப்பு, எப்போதும் பயந்துகொண்டே வாழ்வதா என்பது. வேண்டியதில்லை. நாள் முழுதும் விறைப்பாக இருக்க எவராலும் முடியாது, இருந்தால் உண்மையான அறிகுறி வரும்போது கவனம் தேய்ந்திருக்கும். கவனம் தேவைப்படுவது ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் சில நிமிடங்களில்: ஏடிஎம்மிலிருந்து வெளியே வருவது, வாசல் கேட்டைத் திறக்க வண்டியை நிறுத்துவது, கடைசிப் பேருந்திலிருந்து இறங்குவது, விடியற்காலையில் குனிந்து கோலம் போடுவது. அந்த நேரங்களில் கைபேசி பைக்குள் இருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும், தலை நிமிர்ந்து ஒருமுறை சுற்றிலும் பார்க்க வேண்டும். மீதி நேரம் நிம்மதியாக இருக்கலாம். வயதானவர்களும் நோயாளிகளும் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அடிதடிதான் தற்காப்பு என்றால் அவர்களுக்கு வழியே இல்லை. நிற்காமல் நடப்பதும், பேச்சுக்குப் பதில் சொல்லாமல் பக்கத்துக் கடைக்குள் நுழைவதும், கதவைச் சங்கிலி போட்டுத் திறப்பதும் எழுபது வயதிலும் முடியும்.

'கத்தினால் மட்டும் யார் வரப்போகிறார்கள்' என்பது மூன்றாவது மறுப்பு. 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நடைமேடையில் இருந்த யாரும் தடுக்க முடியாமல் போனது இந்த ஊரின் மனதில் தழும்பாக இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை அல்ல. ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்தின் லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய நகரங்களின் 219 தெருச் சச்சரவுகளைக் கேமராப் பதிவுகளிலிருந்து ஆராய்ந்தவர்கள், பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது தலையிட்டதைக் கண்டார்கள். கூட்டம் தயங்குவது பெரும்பாலும் இது என்னவென்று புரியாததாலும், வேறு யாராவது போவார்கள் என்ற நினைப்பாலும். டார்லி, லதானே என்ற உளவியலாளர்கள் 1968-இல் நடத்திய சோதனையில், தான் மட்டுமே கேட்கிறோம் என்று எண்ணியவர்களில் 85 விழுக்காட்டினர் வலிப்பு வந்தவருக்கு உதவ உடனே எழுந்தனர். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று எண்ணியவர்களில் 31 விழுக்காட்டினர்தான். ஆகவே கூட்டத்தைப் பார்த்து 'யாராவது காப்பாத்துங்க' என்பதைவிட, ஒருவரைச் சுட்டி, "நீலச் சட்டை அண்ணா, 112-க்கு போன் பண்ணுங்க! இவர் யாருன்னே எனக்குத் தெரியாது!" என்பது பலன் தரும். அந்தக் கடைசி வாக்கியம் அவசியம். இல்லையென்றால் கணவன் மனைவி சண்டை என்று ஒதுங்கிவிடுவார்கள். பேருந்தில் இன்னும் ஒரு பிடி இருக்கிறது. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலால் உயிரிழந்ததை அடுத்துத் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. தொல்லைக்குள்ளான பெண் புகார் சொன்னால், பேருந்து ஊழியர்கள் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு விட வேண்டும் என்பது அதில் இருக்கிறது. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அது உதவி அல்ல, கடமை. "வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க" என்ற கோரிக்கையைப் பெண்கள் மட்டுமன்றி உடன் பயணிப்பவர்களும் தெரிந்துவைத்திருக்கலாம்.

திருப்பி அடித்தால் நம் மீதே வழக்குப் போடுவார்களே என்ற பயமும் பலருக்கு உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைப் பற்றியவை. தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும் காக்கும் உரிமை அதில் அடக்கம். நியாயமான அச்சம் எழுந்த நொடியிலேயே அந்த உரிமை தொடங்கிவிடுகிறது. முதல் அடி விழும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. உயிர்ப்பயம், கொடுங்காயம், பாலியல் வன்புணர்வு, ஆள்கடத்தல், அமில வீச்சு போன்ற ஆபத்துகளில் எதிராளியின் உயிர் போனாலும் அது உரிமைக்குள் வரக்கூடும். 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், திடீர் ஆபத்தில் இருப்பவர் தன் எதிர்ப்பைத் துல்லியமாக அளந்து செலுத்துவார் என எதிர்பார்க்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டது. எல்லையும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, ஆபத்து விலகியதும் உரிமையும் முடிந்துவிடும். ஓடுகிறவனைத் துரத்திப் பிடித்துக் கட்டிவைத்து அடிப்பது தற்காப்பு ஆகாது, அது இன்னொரு குற்றம். தப்பித்ததும் முதல் வேலை, எந்தக் காவல் நிலையமானாலும் போய்ப் புகாரை எழுத்தில் தருவது. சம்பவம் தங்கள் எல்லையில் நடக்கவில்லை என்று சொல்லி அவர்கள் புகாரை மறுக்க முடியாது.

அரசுப் பள்ளிகளில் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று ஒரு திட்டம், ராணி லட்சுமிபாய் பெயரில், ஏற்கெனவே இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, மூன்று மாதப் பயிற்சி. அந்த மூன்று மாதத்தில் சில மணி நேரத்தை மறுப்பதற்கும், இடைவெளி காப்பதற்கும், ஒருவரைச் சுட்டி உதவி கேட்பதற்கும் ஒதுக்கினால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. பெரியவர்களுக்கு அப்படி ஒரு வகுப்பே கிடையாது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து ஓர் உதவி ஆய்வாளரை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அழைத்து, பேட்டையில் நடந்த பறிப்புகளையும் மோசடிகளையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்கலாம். கேட்ட பிறகு நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, ஒருவர் போலி போலீஸாக வர, அறுபதைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து "ஐடி கார்டைக் காட்டுங்க, நான் 100-க்குப் பேசிட்டு வர்றேன்" என்று உரக்கச் சொல்லிப் பழகலாம். அதற்கு ஒரு மணி நேரம் போதும்.